பழைய ஊர்ப் பப்களும் மறைந்த பொதுவழிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் பழைய நகரங்களில் குடியிருக்கும் நம்மவர்கள், தாங்கள் அன்றாடம் கடக்கும் சந்துகளைப் பற்றியும், பலகை அடித்து மூடப்பட்ட பப்களைப் பற்றியும், அவ்விரண்டையும் நினைவில் வைத்திருக்கும் அண்டைவீட்டு முதியவர்களைப் பற்றியும் கேட்ட கேள்விகளுக்கான விடைகள் இவை. சட்ட விவரங்கள் இங்கிலாந்துக்கு உரியவை. வேல்ஸுக்கும் பெரும்பகுதி பொருந்தும்; ஸ்காட்லாந்தில் சட்டமே வேறு.

பப்பையும் பொதுவழியையும் ஏன் சேர்த்துப் பேச வேண்டும்?

பழைய நகரங்களில் அவை ஒரே மனையில் பிறந்தவை என்பதால்தான். இடைக்கால நகர மனைகள் தெருப்பக்கம் குறுகியும் பின்புறம் மிக நீண்டும் இருந்தன. லீட்ஸ் நகரின் பிரிகேட் தெரு 1207ஆம் ஆண்டுச் சாசனத்தை ஒட்டி அவ்வாறே மனைகளாக வகுக்கப்பட்டது. பிற்காலத்தில் அம்மனைகளில் பயணியர் விடுதிகள் எழுந்தபோது, குதிரையும் வண்டியும் உள்ளே வர முகப்பில் வளைவு, உள்ளே முற்றம், அதன் பின்னால் தொழுவம், அதற்கும் அப்பால் அடுத்த தெருவுக்குத் திறக்கும் கதவு என்ற அமைப்பு உருவானது. இருபுறமும் திறந்திருக்கும் முற்றத்தின் வழியே ஊர்மக்கள் நடக்கத் தொடங்கியது இயல்பே.

பிரிகேட்டில் இதை இன்றும் கண்ணால் காணலாம். 1715இல் டர்க்ஸ் ஹெட் என்ற பெயரில் உரிமம் பெற்ற விடுதி, விட்லாக்ஸ் என்ற பெயரோடு அதே குறுகிய முற்றத்தில் நடந்து வருகிறது. முற்றத்தின் பெயர் மட்டும் டர்க்ஸ் ஹெட் யார்டு என்றே நிலைத்துவிட்டது. சற்றுத் தள்ளி டால்பட் விடுதியின் முற்றம் இருந்த இடத்தில் 1878இல் தார்ன்டன்ஸ் ஆர்கேடு எழுந்தது. ரோஸ் அண்ட் கிரௌன் முற்றத்தின் மேல் 1889இல் குயின்ஸ் ஆர்கேடு கட்டப்பட்டது. விடுதிகள் போய்விட்டன, கண்ணாடிக் கூரைக்குக் கீழே கடை பார்த்துக்கொண்டே நடப்பவர்கள் குதிரைகள் போன அதே திசையில்தான் போகிறார்கள்.

லண்டனின் சதர்க்கில், 1676ஆம் ஆண்டு நெருப்புக்குப் பின் டால்பட் என்ற பெயரில் எழுப்பப்பட்ட பழைய டபார்டு விடுதி 1873இல் இடிக்கப்பட்டது. அது நின்ற இடத்துக்குச் செல்லும் டால்பட் யார்டு இன்றும் பரோ ஹை தெருவிலிருந்து பிரிகிறது. அதற்கு அருகே 1677இல் மீண்டும் கட்டப்பட்ட ஜார்ஜ் விடுதி, மரத் தாழ்வாரங்களோடு எஞ்சியிருக்கும் லண்டனின் கடைசி வண்டி விடுதி; அதன் முற்றத்தின் மற்றப் பக்கங்களை ரயில்வே நிறுவனம் 1889இல் இடித்துவிட்டதால் ஒரு பக்கம்தான் மிஞ்சியது. முற்றம் மூன்று பக்கமும் சூழ்ந்திருந்த நாளில் அங்கே நடந்த நடமாட்டம் எப்படி இருந்திருக்கும் என்பதை, அந்தத் தாழ்வாரத்துக்குக் கீழே சிறிது நேரம் நின்றால் உணர முடியும்.

பொதுவழி உரிமை என்பது என்ன?

நிலம் தனியாருடையதாக இருந்தாலும், குறிப்பிட்ட கோட்டின் வழியே யார் வேண்டுமானாலும் போகவும் வரவும் உள்ள உரிமை. நடைவழி, குதிரைவழி, வண்டிவழி என அதில் வகைகள் உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து ஏறத்தாழ 1,40,000 மைல் நீளமுள்ள வழிகள் அதிகாரபூர்வ வரைபடங்களில் ஏறியுள்ளன.

பல்லாண்டுகள் யாரும் நடக்காவிட்டால் உரிமை போய்விடுமா?

போகாது. ஒருமுறை பொதுவழியானது என்றும் பொதுவழியே என்பது ஆங்கிலப் பொதுச்சட்டத்தின் பழைய கொள்கை. 1903ஆம் ஆண்டு ட்ரூரோ வழக்கின் தீர்ப்பு அதை ஐயத்துக்கு இடமின்றி உரைத்தது. முறையான ஆணையின்றி உரிமை அழிவதில்லை. புதர் மண்டியதும் பூட்டுப் போட்டதும் ஆணை ஆகா.

அப்படியானால் இவ்வளவு வழிகள் எப்படி மறைந்தன?

பல கைகள் இதில் சேர்ந்துள்ளன. முதலாவது பொதுநில வேலியடைப்பு. 1604க்கும் 1914க்கும் இடையில் 5,200க்கும் மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்கள் இயற்றப்பட்டு, ஏறத்தாழ 68 லட்சம் ஏக்கர் நிலம் தனியார் உடைமையாகப் பிரிக்கப்பட்டது. அந்நிலங்களின் குறுக்கே போன வழிகளில் எவை நிற்கும், எவை திரும்பும், எவை ஒழியும் என்பதை ஆணையர்கள் தீர்மானித்தார்கள். அவர்கள் எங்கே அமர்ந்து தீர்மானித்தார்கள் என்று பாருங்கள்: பெரும்பாலும் ஊர் விடுதியில். இன்ன தேதியில் இன்ன விடுதியில் கூடுவோம், உரிமை கோருவோர் வரலாம் என்று அறிவிப்பு ஒட்டப்படும். ஊரின் வழிகள் ஒழிந்த அறை எது என்று தேடினால், பல ஊர்களில் அது விடுதியின் மாடியறையாகத்தான் இருக்கும். மாஜிஸ்திரேட்டுகளின் அமர்வுகளும், சுங்கச்சாலை அறங்காவலர்களின் கூட்டங்களும், மரண விசாரணைகளும்கூட அங்கேதான் நடந்தன. வேறு தகுந்த இடம் இருந்தால் மரண விசாரணையை மதுக்கடையில் நடத்தக் கூடாது என்ற தடை 1902ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் வந்தது.

அடுத்து 1815ஆம் ஆண்டுச் சட்டம். தேவையற்றது என்று இரண்டு மாஜிஸ்திரேட்டுகள் கருதினாலே ஒரு வழியை மூடிவிட அது இடம் கொடுத்தது. அவர்களில் பெரும்பாலோர் நிலவுடைமையாளர்கள் என்பதையும், பக்கத்து நிலக்காரர் அவர்களுடைய நண்பராக இருப்பார் என்பதையும் நினைத்தால், அச்சட்டம் யாருக்குக் கை கொடுத்தது என்பது விளங்கும்.

மூன்றாவது கை மெத்தனம். 1949ஆம் ஆண்டுத் தேசியப் பூங்காக்கள் சட்டம் எல்லாப் பொதுவழிகளையும் வரைபடத்தில் பதியச் சொன்னது. ஆனால் கட்டடங்கள் நெருங்கிய நகரப் பகுதிகளை விலக்கிவிட இடம் தந்தது. சந்துகள் எல்லாருக்கும் தெரிந்தவைதானே என்ற எண்ணத்தில் பல நகரங்கள் அவற்றைப் பதியாமலே விட்டன. உள் லண்டன் வட்டாரங்களுக்கு இன்றும் அத்தகைய வரைபடம் வைத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. வயல் நடுவே போகும் ஒற்றையடிப் பாதைக்கு இருக்கும் காகிதப் பாதுகாப்பு, ஐந்நூறு ஆண்டு பழைய நகரச் சந்துக்கு இல்லாமல் போனதற்குக் காரணம் இதுதான்.

கடைசியாக, இருபதாம் நூற்றாண்டின் இடிப்புகள். கிரேட் யார்மத்தில் கடலுக்கும் ஆற்றுக்கும் இடையே 145 குறுஞ்சந்துகள் இருந்தன. 1804இல் அவற்றுக்கு எண்ணிடப்பட்டது. அதற்கு முன் பல சந்துகளுக்கு அங்கிருந்த மதுக்கடையின் பெயரே பெயர். இரண்டாம் உலகப் போரில் விழுந்த குண்டுகளும் பின்வந்த சீரமைப்பும் அவற்றில் பெரும்பாலானவற்றைத் துடைத்தெடுத்தன. நாட்டிங்ஹாமில் டிரூரி ஹில் என்ற செங்குத்தான பழந்தெரு, மக்கள் எதிர்த்தும், வணிக வளாகம் கட்டுவதற்காக 1960களின் இறுதியில் இடிக்கப்பட்டது.

மக்கள் எதிர்க்கவில்லையா?

எதிர்த்தார்கள். யார்க்கில் 1824இலும் மான்செஸ்டரில் 1826இலும் பழைய நடைவழிகளைக் காக்கும் சங்கங்கள் தோன்றின. இன்று திறந்தவெளிகள் சங்கம் எனப்படும் அமைப்பு 1865இல் தொடங்கியது.

இவற்றுள் நான் அதிகம் போற்றுவது 1896இல் போல்டன் நகர மக்கள் செய்ததை. ஸ்மித்தில்ஸ் ஹால் உரிமையாளரான கர்னல் ஐன்ஸ்வொர்த், வின்டர் ஹில் மேட்டுக்கு ஏறும் கோல்பிட் சாலையின் மேற்பகுதியை வாயில் வைத்து மறித்தார். செப்டம்பர் 6, ஞாயிற்றுக்கிழமை, ஆலைத் தொழிலாளர் நகரான போல்டனிலிருந்து புறப்பட்ட ஊர்வலம், போகப் போகப் பெருகி ஏறத்தாழ பத்தாயிரம் பேர் ஆனது. வாயிலில் காவலரோடு தள்ளுமுள்ளு நடந்தது. கூட்டம் வாயிலைக் கடந்து, மேட்டில் ஏறி, மறுபுறம் பெல்மான்ட் கிராமத்தில் இறங்கி, அங்கிருந்த மதுக்கடைகளில் தாகம் தீர்த்துக்கொண்டது. அடுத்த வாரமும் மக்கள் நடந்தார்கள். வழக்கில் ஐன்ஸ்வொர்த்துக்கே வெற்றி கிடைத்தது. முன்நின்றவர்கள் செலவுத்தொகை கட்ட நேர்ந்தது. பத்திரிகையாளர் சாலமன் பார்ட்டிங்டன் போன்றோர் அந்த வழி பொதுவழியே என்று தொடர்ந்து வாதாடினார்கள். சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 1996இல், அது பொதுவழியாக முறைப்படி அறிவிக்கப்பட்டது. முன்னின்று நடந்தவர்கள் அதைப் பார்க்க உயிரோடு இல்லை என்பது இன்றும் எனக்கு வருத்தம் தருகிறது.

என் நினைவு சட்டத்தின் முன் சான்றாகுமா?

ஆகும். 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தின் 31ஆம் பிரிவின்படி, பொதுமக்கள் 20 ஆண்டுகள் தடையின்றி ஒரு வழியைப் பயன்படுத்தியிருந்தால், உரிமையாளர் அதைப் பொதுவழியாக ஒப்படைத்தார் என்று கொள்ளப்படும்; அப்படி ஒப்படைக்கும் எண்ணம் தமக்கு இல்லை என்பதை அவர் அக்காலத்திலேயே காட்டியிருந்தால் மட்டும் இந்த ஊகம் விழும். 20 ஆண்டுகள் என்பது வழி மறிக்கப்பட்ட அல்லது முதன்முதலில் உரிமை கேள்விக்குள்ளான நாளிலிருந்து பின்னோக்கி எண்ணப்படும். ஒருவரே 20 ஆண்டும் நடந்திருக்க வேண்டியதில்லை. பலருடைய காலங்கள் சேர்ந்து நிரப்பினால் போதும்.

ஆனால் அந்த நடை வலுவந்தமாகவோ, மறைவாகவோ, அனுமதி பெற்றோ நடந்ததாக இருக்கக் கூடாது. பப் முற்றங்களைப் பொறுத்தவரை எல்லாம் இங்கேதான் இருக்கிறது. பப்புக்குக் குடிக்க வருபவர் கடைக்காரரின் அழைப்பின் பேரில் வருகிறார். அந்த அழைப்பு அனுமதிக்குச் சமம். எனவே “முப்பது ஆண்டுகள் தினமும் அந்த முற்றத்தின் வழியாகப் பப்புக்குப் போனேன்” என்ற வாக்குமூலம், கேட்க எவ்வளவு உறுதியாக இருந்தாலும், பொதுவழியை நிறுவாது. “பேருந்து நிறுத்தத்திலிருந்து சந்தைக்குப் போக அந்த முற்றத்தைக் கடப்பேன், பப்புக்குள் நுழைந்ததே இல்லை” என்று சொல்லும் பாட்டியின் வாக்குமூலம் நிறுவும். பள்ளிக்குப் போன பிள்ளைகள், தள்ளுவண்டியோடு போன தாய்மார்கள், தேவாலயத்துக்குப் போனவர்கள், மதுவே தொடாத மெதடிஸ்டுகள் ஆகியோரின் நினைவுகளை நான் முதலில் தேடுவது இதனால்தான். பப்பின் வாடிக்கையாளரும் வீண் அல்ல. முற்றத்தில் அமர்ந்திருந்த அவர் தம்மைக் கடந்து சென்றவர்களைப் பார்த்திருப்பார். வாயில் பூட்டியிருந்ததா, எச்சரிக்கைப் பலகை இருந்ததா, நடத்துநர் யாரையாவது தடுத்தாரா என்பதெல்லாம் அவருக்கே நன்றாகத் தெரியும்.

ஆண்டு எதுவும் நினைவில் இல்லாதவரிடம் காலத்தை எப்படி அறிவது?

பப்பைக் கொண்டுதான். ஆண்டை மறந்தவர்கள்கூட யார் கடை நடத்தினார்கள் என்பதை மறப்பதில்லை. உரிமம் பெற்றவரின் பெயர் வாசலுக்கு மேலே எழுதப்பட்டிருந்தது. அவர் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை இருந்தார் என்பதை உரிமப் பதிவேடுகளிலும் கெல்லி போன்றோரின் வணிகக் கையேடுகளிலும் காணலாம். ஒரு பைன்ட் பீரின் விலையை ஷில்லிங்கில் சொல்கிறாரா? அது ஷில்லிங் போய்ப் பதின்ம நாணயம் வந்த 1971 பிப்ரவரி 15க்கு முன். பிற்பகலில் கதவை அடைத்துவிட்டு மாலையில்தான் திறப்பார்கள் என்கிறாரா? வார நாள்களில் நாள் முழுதும் திறக்க அனுமதி வந்தது 1988 ஆகஸ்டில். உள்ளே புகை மண்டியிருந்தது என்றால், புகைபிடிக்கத் தடை வந்த 2007 ஜூலைக்கு முன். 1966 உலகக் கோப்பை இறுதியாட்டத்தை எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டால், அதோடு சேர்ந்து தெருவே திரும்பி வரும்.

சிறு பொருள்களைக் கேளுங்கள். பல பப்களில் வீட்டுக்கு மது வாங்கிப் போவோருக்காகச் சந்துப் பக்கம் சிறு ஜன்னல் இருந்தது. அந்த ஜன்னலின் கீழ்க்கல் எந்த உயரத்தில் இருந்தது, கூடத்திலிருந்து வெளிச்சம் எந்தப் பக்கம் விழுந்தது, பீப்பாய் இறக்கும் மரக் கதவு தரையில் எங்கே இருந்தது, மழை நாளில் அதன்மேல் கால் வழுக்குமா என்று கேட்டால், சந்தின் அகலமும் திருப்பமும் தாமாகவே வெளிவரும்.

முதியவரிடம் பேசும்போது எதைத் தவிர்க்க வேண்டும்?

விடையை நாமே வாயில் ஊட்டுவதை. “அந்த வழி எப்போதும் திறந்தே இருந்ததல்லவா?” என்று கேட்டால் ஆமாம் என்றே சொல்வார், அந்த ஆமாம் விசாரணையில் நிற்காது. வெற்றுத்தாளைக் கொடுத்து வரையச் சொல்லுங்கள். அச்சிட்ட வரைபடத்தைப் பிறகு காட்டலாம். அவர் சொன்ன சொற்களை அப்படியே எழுதுங்கள். இரண்டு பேருடைய வாக்குமூலங்கள் சொல்லுக்குச் சொல் ஒத்திருந்தால் இரண்டின் மதிப்பும் குறையும்.

எந்த ஆவணங்கள் உதவும்?

முதலில், அரசின் நில அளவை நிறுவனமான ஆர்டினன்ஸ் சர்வேயின் வரைபடங்கள். 4,000 பேருக்கு மேற்பட்ட நகரங்களுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் 1:500 அளவில் வரையப்பட்டவற்றில் விடுதியின் பெயரும் முற்றத்தின் வாயிலும் தெரியும். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையத்தளத்தில் இங்கிலாந்துக்கு உரிய பழைய வரைபடங்கள் பலவற்றை இலவசமாகப் பார்க்கலாம். ஆனால் 1880களின் இறுதியிலிருந்து, வரைபடத்தில் பாதை காட்டப்பட்டிருப்பது பொதுவழி உரிமைக்குச் சான்றாகாது என்ற குறிப்பை அந்நிறுவனமே அச்சிட்டு வருகிறது. பாதை இருந்தது என்பதற்கு அது சாட்சி; உரிமைக்கு அல்ல.

உரிமைக்கு வலுவான சாட்சி 1910ஆம் ஆண்டு நிதிச் சட்டத்துக்காக எடுக்கப்பட்ட நில மதிப்பீடு. நிலத்தின் மதிப்பு உயர்வுக்கு வரி விதிக்க அரசு நாடு முழுவதையும் மதிப்பிட்டது. தம் நிலத்தில் பொதுவழி இருப்பதாகச் சொன்ன உரிமையாளருக்கு மதிப்பில் கழிவு கிடைத்தது. வேறு நேரங்களில் வழியே இல்லை என்று மறுத்திருக்கக்கூடியவர், வரி குறையும் என்பதால் ஒப்புக்கொண்டு எழுதிய பதிவுகள் அவை. லண்டனின் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் களப் புத்தகங்களில் பப்களும் மதிப்பிடப்பட்டிருப்பதால், பப்பின் பக்கத்தைக் கண்டால் முற்றத்தின் நிலையும் தெரிய வாய்ப்புண்டு. 1836ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வரையப்பட்ட தசமபாக (தேவாலயத்துக்குச் செலுத்திய பத்தில் ஒரு பங்கு) வரைபடங்களும், 1880களில் தொடங்கிய கோட் நிறுவனத்தின் தீக்காப்பீட்டு வரைபடங்களும் துணைக்கு உதவும்.

கட்டடத்தையும் பாருங்கள். வளைவின் அடியில் இருபுறமும் சாய்வாகப் பதித்த கல்லோ இரும்போ இருந்தால், சக்கர அச்சு சுவரை உரசாமல் இருக்க வைத்தது அது. வண்டி போன வழி என்பதை அது தனியே நின்று சொல்லும்.

பதியாத வழிகளுக்குக் கெடு உண்டா?

2000ஆம் ஆண்டுச் சட்டம், 1949க்கு முந்திய பதியாத வழிகளை 2026 ஜனவரி 1க்குள் பதியக் கோர வேண்டும் என்றது. அரசு அக்கெடுவை நீக்குவதாக 2022இல் அறிவித்து, 2023இல் மனம் மாறி 2031க்கு ஒத்திவைத்தது. பின்னர் வந்த அரசு, அதை முற்றாக நீக்கப்போவதாக 2024 டிசம்பரில் அறிவித்தது. நடையர் சங்கமான ராம்ப்ளர்ஸ் 2020இல் தன்னார்வலரைக் கொண்டு பழைய வரைபடங்களை ஒப்பிட்டபோது, பதியப்படாமல் போயிருக்கக்கூடிய வழிகள் 49,000 மைலுக்கு மேல் தென்பட்டன. கெடு எதுவானாலும் சாட்சிகளின் ஆயுள் அதற்குக் காத்திராது. நினைவுச் சான்றுகளை இப்போதே எழுதி வாங்குங்கள்.

எங்கே விண்ணப்பிக்க வேண்டும்?

கவுண்டி கவுன்சிலிடம் அல்லது வட்டாரத்துக்கு ஒரே கவுன்சில் என்றால் அதனிடம். 1981ஆம் ஆண்டு வனவுயிர் மற்றும் கிராமப்புறச் சட்டத்தின்கீழ் வரைபடத்தைத் திருத்தக் கோரி, நில உரிமையாளருக்கு அறிவிப்பு கொடுத்து, சான்றுகளை இணைக்க வேண்டும். கட்டணம் இல்லை. பல கவுன்சில்களில் விண்ணப்பங்கள் ஆண்டுக்கணக்கில் தேங்கிக் கிடக்கின்றன என்பதையும் அறிந்தே தொடங்குங்கள்.

வாயில் பூட்டப்பட்டிருந்தால் வழி ஒழிந்தது என்று பொருளா?

அவசியம் இல்லை. குற்றச்செயல்களைக் காரணம் காட்டி, கவுன்சில் ஆணை பிறப்பித்துச் சந்துக்கு வாயில் வைத்திருந்தால், நடமாட்டம்தான் கட்டுப்படுகிறது; அடியில் பொதுவழித் தகுதி அப்படியே இருக்கிறது. ஆனால் ஆண்டுக்கு ஒருநாள் மட்டும் உரிமையாளர் வாயிலைப் பூட்டிவந்தார் என்றால் எச்சரிக்கையாக இருங்கள். பொதுவழியாக ஒப்படைக்கவில்லை என்று காட்டுவதற்கான பழைய முறை அது.

பப்பையே காப்பாற்ற முடியுமா?

சில நேரம் முடியும். பிரிட்டனில் 2000இல் ஏறத்தாழ 60,800 பப்கள் இருந்தன. 2019இல் ஏறத்தாழ 47,200. 2011ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம், ஊருக்குப் பயன்படும் கட்டடத்தைச் சமூகச் சொத்தாகப் பதிய வழி செய்தது. அவ்வாறு பதியப்பட்ட முதல் பப்பான, லண்டன் நன்ஹெட்டில் உள்ள ஐவி ஹவுஸை 2013இல் ஊர்மக்களே வாங்கினார்கள். 2017 மே முதல், இங்கிலாந்தில் பப்பை இடிக்கவோ வேறு பயனுக்கு மாற்றவோ திட்ட அனுமதி கட்டாயம். லண்டனின் மெய்டா வேலில் இருந்த கார்ல்டன் டாவர்ன் என்ற பப் 2015இல் அனுமதியின்றி இடிக்கப்பட்டபோது, முன்பிருந்தபடியே கட்டித் தருமாறு வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில் ஆணையிட்டது. 2021இல் அது மீண்டும் திறந்தது. இடிப்பதற்குச் சற்று முன்பு பாரம்பரியக் கட்டடமாகப் பட்டியலிட ஆய்வு நடந்து, விரிவான பதிவுகள் எடுக்கப்பட்டிருந்தது அந்த மறுகட்டுமானத்துக்குப் பெரிதும் கை கொடுத்தது.

பப்பும் இல்லை, சந்தும் இல்லை, அடுக்குமாடி எழுந்துவிட்டது. இனி எழுதி என்ன பயன்?

அந்தச் சந்தினை மூடிய ஆணை முறையாகப் பிறப்பிக்கப்பட்டதா என்று முதலில் பாருங்கள். அரசிதழான லண்டன் கெசட்டிலும் கவுன்சில் பதிவேடுகளிலும் அது இருக்க வேண்டும். ஆணையே இல்லையென்றால் உரிமை இன்னும் சட்டப்படி உயிரோடு இருக்கலாம். அவ்விடம் மறுபடி கட்டப்படும் காலத்தில் அதைச் சுட்டிக்காட்டி வழியைத் திரும்பக் கேட்க இடமுண்டு. ஆணை இருந்தாலும் வாக்குமூலத்தை எழுதுங்கள், ஏனெனில் பக்கத்துச் சந்தின் வழக்குக்கு அதே பப்பும் அதே ஆண்டுகளும் தேவைப்படலாம். ஒவ்வொரு பக்கத்திலும் சொன்னவரின் கையொப்பமும் தேதியும் இருக்கட்டும். அவர் கையால் வரைந்த வரைபடத்திலும் அவ்வாறே. மூலத்தைக் கவுண்டி ஆவணக் காப்பகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொண்டு, ஒரு படியை அவருடைய குடும்பத்தாரிடம் கொடுங்கள்.